பருத்தி மூழ்கும் நேரம்

மொபேனியில் வடக்குக் காற்றென்றால் பாகு மணம்,
தெற்குக் காற்றென்றால் எண்ணெய்க் கிடங்கு.
இன்று இரண்டும் இல்லை. மழை.

குடுவையில் குளுக்கோஸ் போட்டேன்.
மேலே ஊற்றியது,
உள்நாட்டு மேட்டுநிலத்தில் நிலக்கரியாகக் கிடந்து
வாயுவாகி, திரவமாகி,
டாங்கர் லாரியில் டர்பனுக்கு இறங்கி வந்த ஆல்கஹால்.
சங்கிலிக்குப் பதின்மூன்று கரி அணு.
நேராக நிற்கத் தெரியாத கூட்டம்,
ஒவ்வொன்றும் எங்காவது கிளை விட்டிருக்கும்.

கரும்புக்குக் கிளை கிடையாது.
கணுக்கணுவாய் ஏறும், வெட்டினால் சாயும், அவ்வளவுதான்.
அதன் சர்க்கரையோ தண்ணீர் கூப்பிட்டால் உடனே போய்விடும்;
இந்த ஆல்கஹால் தண்ணீரைக் கண்டால்
முகம் திருப்பி மேலே மிதக்கும்.
நடுவில் சிட்டிகை அமிலம், நூற்றுப்பத்து டிகிரி,
இரைகிற வெற்றிடப் பம்பு.
ஒவ்வொரு ஜோடி சேரும்போதும்
ஒரு நீர் மூலக்கூறு கழன்று வெளியேறும்.
கல்யாணச் செலவு என்பாள் நொக்குத்துலா.

நான்காம் தொகுதியின்போது மின்வெட்டு.
பம்பு நின்றது.
எண்ணெய்த் தொட்டி மட்டும் சூட்டை விடவில்லை.
நோட்டில் எழுதினேன்: நிறம், கோக்கோ கோலா.

ஏழாம் தொகுதி தேன் நிறம்.

விற்பனைப் பிரிவின் கிருபாஷன் மூட்லி
மாடியிலிருந்து இறங்கி வந்தார்,
அளவுக் குழாயை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார்.
நேர்ச்சங்கிலிச் சரக்கு: பதினாறு சென்டிமீட்டர் நுரை.
எங்களுடையது நான்கு.
ஐந்து நிமிடத்தில் அதுவும் இல்லை.
"நுரைக்காத சோப்பை
சாட்ஸ்வொர்த்தில் யார் வாங்குவார்கள், சொல்லுங்கள்?"

சொல்லவில்லை. கூட்டங்களில் எனக்கும் நுரைக்க வராது.

நொக்குத்துலா ஐந்து கிராம் பருத்தி நூலைச் சுருட்டி
கொக்கியில் எடை மாட்டினாள்.
நேர்ச்சங்கிலிக் கரைசலில்
நூல் முப்பத்தெட்டு விநாடி மிதந்தது,
வாடகை பாக்கி வைத்தவன் மாதிரி
காலி செய்ய மனமில்லாமல்.
அடுத்து எங்கள் ஜாடி.
குன்யே, குபிலி, குதாது, குனே,
அவள் ஜூலுவில் எண்ண எண்ண
நூலுக்குள் ஒளிந்திருந்த காற்று
ஒரே குமிழாகக் கிளம்பியது.
குஷ்லானு சொல்லும்போது நூல் அடியில் கிடந்தது.

நுரையின் சுவரில் நிற்க
தோளோடு தோள் நெருங்க வேண்டும்.
கிளை அகட்டி நிற்பவற்றுக்கு அது முடியாது.
ஆனால் புதிதாய் ஒரு பரப்பு திறந்தால்
முதலில் போய்ச் சேர்வது அவைதான்.

"இன்னொரு தடவை" என்றார் மூட்லி.
பிறகு இன்னொன்று.
மூன்றாவது நூலைத் தானே விட்டார், கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி.
வெகுநேரம் ஜாடியையே பார்த்துவிட்டுக் கேட்டார்:
"நுரைக்கு மட்டும் வேறு ஏதாவது கலந்துகொள்ளலாமா?"

எல்லோரும் போன பிறகு
ஏழாம் தொகுதியின் குடுவையை
ஏழாம் தொகுதியாலேயே கழுவினேன்.
நுரை இல்லை. அழுக்குப் போனதா என்று கைக்குத் தெரியவில்லை.
குழாயடியில் கவிழ்த்தேன்.
கண்ணாடி முழுக்கத் தண்ணீர் ஒரே விரிப்பாக வழிந்தது,
ஒரு துளிகூடத் தனியே நிற்காமல்.