கச்சான் சுருள்

காரைநகர் பஸ் வெளிக்கிட இன்னும் பத்து நிமிசம்.
நூறு ரூபாய்க்குக் கச்சான் வாங்கினேன்.
பாதி தின்ற பிறகுதான்
சுருளில் ஒரு கண் தெரிந்தது.

விரித்தால்
லீசிங் கொம்பனியின் விண்ணப்பப் படிவம்.
அடையாள அட்டையின் மங்கல் பிரதி.
மாத வருமானம். அடகில் இருக்கும் நகை.
கணவர் என்ற கட்டத்தில்
'காணாமல் போனவர்' என
அழுத்தி எழுதிய நீலப் பேனை,
அதன்மேல் கோதும் வறுமணலும்.

பஸ்சை விட்டேன்.
ஸ்டான்லி வீதி, இரண்டாம் மாடி, ஏசிக் குளிர்.
"பழைய பேப்பர் மிஸ், நிறுத்து வித்திருப்பினம்"
என்றான் கழுத்துப்பட்டி கட்டிய பெடியன்.
கிலோ என்ன விலை என்று கேட்டேன்.
சிரித்தான்.
பிறகு முறைப்பாட்டுப் புத்தகத்தை விரித்து,
"உங்கட ஐசி நம்பர், ஃபோன் நம்பர்,
வீட்டு விலாசம் சொல்லுங்கோ."

சொல்லவில்லை.
திகதியை மட்டும் எழுதி
'கச்சான் தின்றவள்' என்று கையெழுத்து வைத்தேன்.

தாளை அவனிடம் கொடுக்கவுமில்லை.
நாலாய் மடித்துக் கைப்பைக்குள் கிடக்கிறது,
எரிக்கவும் மனமில்லை.
அவளுடைய பெயரை இங்கே எழுதமாட்டேன்.
ஆனால் அவளுடைய நம்பர்
இப்போது எனக்கும் பாடம்.
அதுவும் பிழைதானே.