கடைசி வெள்ளைத் தாளில், பென்சிலால்

திருப்பிக் கொடுக்க இன்னும் இரண்டு நாள் இருக்கிறது.
தங்கச்சிமடம் நூலகத்தில் எனக்கு முன் எடுத்தவர்கள்
இந்தத் தாளில் எழுதியிருக்கிறார்கள்:
"சூப்பர்" என்று ஒருவர்,
"டைம் வேஸ்ட்" என்று ஒருவர்,
ஓர் இதயம், அதற்குள் இரண்டு எழுத்து.
இடம் மிச்சம் இருக்கிறது. எழுதுகிறேன்.

முதலில், ஒன்பதாம் பக்க ஓரத்தில்
"கொலைகாரன் கணக்குப்பிள்ளைதான்" என்று
நீல மையில் எழுதிவைத்த மகராசனே,
நல்லாயிரு.
உன்னால் நான் கொலையை விட்டுவிட்டு
ஆவியை மட்டும் படித்தேன்.

கடலிலிருந்து வருகிறாளாம். எந்தக் கடல்?
எங்களுக்கு வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று.
பெண்கடல் என்றால் இடுப்பளவுத் தண்ணீரில்
அரைக் கிலோமீட்டர் நடந்தே வரவேண்டும், பாவம்.
ஆண்கடல் என்றால், ஆடி மாதக் கச்சானில்
கொலுசுச் சத்தம் யாருக்குக் கேட்கும்?
அமாவாசை ராத்திரியில்
அவள் நிழல் மணலில் நீளமாய் விழுகிறது.
ஆசிரியர் மதுரையைத் தாண்டி வந்ததில்லை போல.
அவளுடைய ஈரக் காலடிகள் விடிந்தும் ஈரமாகவே இருக்கின்றன.
உப்புத்தண்ணி காய்ந்தால் வெள்ளையாய்ப் பூக்கும்,
எங்கள் வீட்டுச் சிமெண்டுத் தரையைக் கேளுங்கள்.

கடைசி அத்தியாயத்தில் எல்லாம் தெரிந்துவிடுகிறது.
வெளிச்சம், டார்ச்சில் ஒட்டிய பச்சைத் தாள்.
கொலுசு, ஸ்பீக்கரில்.
அவள் ஒரு நாடகக்காரி, சம்பளம் ஐயாயிரம்.
இன்ஸ்பெக்டர் நாலு பக்கம் விளக்குகிறார்,
நடுவில் டீ குடிக்கிறார்.
இருநூறு பக்கம் பயந்தவளிடம்
பயத்துக்கு ரசீது கேட்பதுபோல.
கணக்குப்பிள்ளை கொன்றது ஒரே ஒருவரை.
ஆவியைக் கொன்றது ஆசிரியர்.

பூங்கோரை வந்த வருஷம்
ராத்திரியில் கடல் பச்சையாய் எரிந்தது.
ஆராய்ச்சி நிலையத்து சார் வந்து பாசி என்றார்.
சரி என்றோம்.
அவர் ஜீப்பில் ஏறிப் போன பிறகும்
அது எரிந்துகொண்டுதான் இருந்தது.

பத்துக்கு மூன்று போடலாம் என்றிருந்தேன்,
எண்பத்தேழாம் பக்கம் இல்லாமலிருந்தால்.

அதில் வெள்ளைச் சேலை இல்லை, கொலுசு இல்லை.
கதவுக்கு வெளியே நின்று
"மணி என்ன?" என்று மட்டும் கேட்கிறாள்.
உள்ளே யாரும் பதில் சொல்வதில்லை.
அடுத்த பக்கத்தில் கல்யாண வீடு வந்துவிடுகிறது.
இன்ஸ்பெக்டர்கூட இதை மறந்துவிட்டார்.

கடலுக்குப் போகும் நாளெல்லாம்
அருளப்பன் சித்தப்பா எங்கள் வாசலில் கேட்பது அதுதான்,
அப்பாவை எழுப்ப. பேர் சொல்லிக் கூப்பிடமாட்டார்.
மாசியில் அவர் போன படகைப் பிடித்துவிட்டார்கள்.
இப்போது யாழ்ப்பாணத்தில், சிறையில்.
பதினாலாம் தேதி மறுபடி வாய்தா.

புதன்கிழமை அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு
அப்பாவின் ஹெட்லைட்டை அணைத்துப் படுத்தேன்.
தடைக்காலம். ஊரில் யாரும் கடலுக்குப் போவதில்லை.
தூக்கம் வரவில்லை.
வாசலில் கேட்டது.
போர்வைக்குள்ளேயே சிலுவை போட்டுக்கொண்டேன்.
அப்பா கண்ணைத் திறக்காமல்
"மூணேகால்" என்றார்.
திரும்பிப் படுத்தார்.

காலையில் நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.
பழைய சோற்றுக்குச் சூடைக் கருவாடு சுட்டுத் தின்றோம்.
இதற்கு யாரும் கடைசி அத்தியாயம் எழுத வேண்டாம்.

மார்க்: ஏழு.
எண்பத்தேழாம் பக்கத்தின் மூலை மடங்கியிருக்கும்.
அது நான் இல்லை.
எனக்கு முன்பே யாரோ மடக்கியிருக்கிறார்கள்.

பி. ஜெனிட்டா, பதினொன்றாம் வகுப்பு