கையை உயர்த்துங்கள்

நாளொன்றுக்குப் பதினெட்டுப் பெண்களிடம் சொல்கிறேன்:
கையை உயர்த்துங்கள், ஆன்ட்டி.
அதற்கு முன்னால் ஓர் ஈரத்துணி.
பூசியிருப்பதைத் துடைத்துவிடுங்கள்,
அதிலுள்ள உலோகத் தூள்
மார்புப் படத்தில் வெள்ளைப் புள்ளியாய் விழும்,
இல்லாததை இருப்பதாய்க் காட்டும்.
துடைக்கிறார்கள்.
ரோஜா, எலுமிச்சை,
'கடற்காற்று' என்று பெயரெழுதிய
எந்தக் கடலும் அறியாத ஏதோ ஒன்று,
எல்லாம் என் குப்பைக் கூடையில் வந்து விழுகின்றன.

துணி நீட்டுகிறவளின் கக்கம்
சீருடைக்குள் எரிந்துகொண்டிருக்கிறது.

சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில்
கண், மூக்கு, காது சொல்லித் தந்தார்கள்.
முழங்கை வரை ஏறி வந்து நின்றுவிட்டார்கள்.
அக்குள், கக்கம், கமுக்கட்டு:
மூன்று பெயரையும் நாற்பது வயதில்
அரிப்போடு சேர்த்துத்தான் கற்றேன்.

டர்பனில் பிப்ரவரி ஒரு மாதமல்ல,
யாரோ நனைத்து, பிழியாமல் போர்த்திய கம்பளி.
சாட்ஸ்வொர்த் பஸ்ஸில் எல்லாரும் கம்பி பிடித்துத் தொங்க
நான் மட்டும் முழங்கையை விலாவோடு ஒட்டி,
சந்தைக்குப் போகும் கோழி.

முதலில் இளஞ்சிவப்பு ரோல்-ஆன்.
மூன்றாம் நாள் தோல் உரிந்தது.
அடுத்தது 'மென்மையான சருமத்துக்கு',
மூடியில் ஓர் இறகுப் படம்.
மென்மையாகவே எரிந்தது.
பிறகு 'இயற்கை'.
அதிலிருந்த பேக்கிங் சோடா
கேக்கை எழுப்புவதுபோல என்னையும் எழுப்பியது,
இரவு இரண்டு மணிக்கு.
படிகாரக் கல் காலையில் நண்பன், மத்தியானம் துரோகி.
எலுமிச்சை தேய்க்கச் சொன்ன சலாட்சிக்கு
அந்த வாரம் முழுக்க நான் பதில் போடவில்லை.

எனக்கு ஒன்றும் நாறவில்லையே என்றான் பூபாலன்.
அவனுக்குச் சளி பிடித்திருந்த வாரம் அது.

வீட்டில் கைக்குட்டையை மடித்து இடுக்கிக்கொண்டு நடந்தேன்.
அலமாரிக் கண்ணாடியில் யாரோ நின்றார்,
துண்டைக் கக்கத்தில் இடுக்கி
கரும்புத் தோட்டத்துத் துரைக்கு முன்னால் நிற்பவர்போல.
சீ என்று எறிந்தேன்.
கொஞ்ச நேரம் கழித்து
குனிந்து எடுத்து மறுபடி இடுக்கிக்கொண்டேன்.
எரிச்சலுக்கு வரலாறு தெரியாது.

மருந்துக்கடை லிண்டிவே டப்பாவைத் திருப்பினாள்.
முன்பக்கத்தைப் படிக்காதே, அது காதல் கடிதம்.
பின்பக்கம்தான் ஒப்பந்தம்.
பொடி எழுத்துக்கு நடுவே
'பர்ஃப்யூம்' என்ற சொல்லை நகத்தால் குத்திக் காட்டினாள்.
வாசனை போடாதது வேறு,
வாசனையை மறைக்க வாசனை போட்டது வேறு.
சவரம் செய்த இரவு எதுவும் வேண்டாம்.
முதல் வாரம் முழங்கை மடிப்பில் மட்டும்.

ஒரு வாரம்
என் முழங்கை மடிப்பு டர்பனிலேயே சுத்தமான இடமாக இருந்தது.

எட்டாம் நாள் மேலே ஏற்றினேன்.
வெள்ளைக் களிம்பு.
முகர்ந்தால் சுவரை முகர்ந்த மாதிரி.
எரியவில்லை. நம்பவில்லை.
பத்தாம் நாளும் எரியவில்லை.
மூன்று மணிக்கு மேல் லேசாய் நானே வருகிறேன்.
வரட்டும்.

மார்ச்சில் என் முறை.
நோமுசா ஈரத்துணியை நீட்டினாள்.
இன்று ஒன்றும் பூசவில்லை என்றேன்.
இருந்தாலும் துடை என்றாள்,
பதினெட்டுப் பேரிடம் நான் சொல்லும் அதே குரலில்.
துடைத்தேன்.
துணியில் கொஞ்சம் ஈரம், கொஞ்சம் என் வாடை.

கையை உயர்த்தினேன்.
குளிர்ந்த தட்டு விலாவில் பட்டது.
சிவப்பு ஆறிப் பழுப்பேறிய அந்தக் குழியை
குழல்விளக்கின் கீழே முதன்முறையாக
இன்னொருத்தி பார்க்கிறாள்.

மூச்சைப் பிடி என்றாள் நோமுசா.
நீயா நானா என்று கேட்டேன்.

முதல் படம்
அசைந்துவிட்டது.