பின்கதவு

மேட்டுப்பாளையத்தில் ஏறியபோது
எங்கள் ஐந்து பெட்டிக்கும் தனி டிக்கெட் கிழித்தார் கண்டக்டர்.
ஆப்பிரிக்காவிலிருந்து வருகிறோம் என்றான் சின்னவன்.
சில்லறை இருந்தால் கொடு தம்பி என்றார்.

குஞ்சப்பனை தாண்டியதும் காதடைத்தது.
விமானத்தில் அடைத்ததே இன்னும் திறக்கவில்லை,
அதற்குள் இது.
பெர்சிஸ் அப்பா ஜன்னல் கம்பியில் தலைசாய்த்துத் தூங்கினார்.
மலாவியில் இருபத்திரண்டு நாள்
ஒரு சின்ன ஆலயத்துக் கூரைமேல்
தகரம் அறைந்த அசதி.

அங்கேயும் தேயிலைதான்.
போகுமுன் ஒருவரும் சொல்லவில்லை.
சிங்கம் இருக்குமென்று அவனும்
வெயில் கொல்லுமென்று நானும் நினைத்துப் போக
முலாஞ்சி மலையடியில் இறங்கினால்
கண்ணெட்டும் மட்டும் அரவேணு.
அதே பச்சை, அதே கற்பூர மரம்,
கூடை சுமந்த முதுகில் அதே குனிவு.
நம்ம வீட்டுப் பின்பக்கத்தைப் பார்க்கவாம்மா
இத்தனை கடல் தாண்டினோம் என்று
பெர்சிஸ் சிரித்தாள்.

முதல் நாளே கற்றுக்கொண்டோம்.
மூலி ப்வாஞ்சி: எப்படி இருக்கிறீர்கள்.
ஸிகோமோ: நன்றி.
இலை பறிக்கும் பெண்களை நிறுத்தி நிறுத்திப் பெயர் கேட்டோம்.
சிஃபுண்டோ. மெர்சி. தாண்டிவே.
டைரியில் எழுதி
இரவில் ஒவ்வொரு பெயராய்ச் சொல்லி ஜெபித்தோம்.

வீடு சேர்ந்தபோது ஆறே கால்.
பனி இறங்கிவிட்டது. கரண்ட் இல்லை.
அலமாரியில் பூசணம், செருப்பெல்லாம் பச்சை பூத்து.
அடுக்களையில் கால் வைத்ததும் வழுக்கியது.
தேங்காயெண்ணெய்.
டின் சப்பையாய் ஒரு மூலையில்,
சுவரில் நான்கைந்து நகக் கோடு.
கரடி!
சின்னவன் கத்தியதில் பயமில்லை,
அங்கே பார்க்காத சிங்கத்துக்கு
இங்கே ஈடு கிடைத்துவிட்டது.

பின்கதவில் கீழ்ப்பாதி இல்லை.
இல்லாத பாதியில் தேயிலைப் பெட்டிப் பலகை மூன்று,
குறுக்கே ஒரு சவுக்குக் கம்பு.
டார்ச் அடித்துத் தடவிப் பார்த்தார் பெர்சிஸ் அப்பா.
தச்சன் மகன் அவர்.
இடதுகைக்காரன் என்றார்.
புது ஆணிக்கு வழியில்லை பாவம்,
வளைந்ததையெல்லாம் நிமிர்த்தி அடித்திருக்கிறான்.

டெய்சி டீச்சருக்குப் போன் போட்டேன்.
லைன் வீட்டு ஆள்தான், ஜார்க்கண்டுக்காரன்.
அவனும் பெண்டாட்டியும் மூன்று ராத்திரி
தீ மூட்டி உட்கார்ந்திருந்தார்கள்,
ருசி கண்ட கரடி திரும்ப வருமில்லையா?
பேர் என்ன டீச்சர்?
யாருக்குத் தெரியும்,
பையா என்றுதான் கூப்பிடுவோம்.

எங்கள் வேலிக்குக் கீழே ஏழு வருடமாக அந்த லைன்.
நானும் பையா என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன்,
கேஸ் சிலிண்டர் தூக்க.

காலையில் சின்னவன் வேலியோரம் நின்று
பழக்கத்தில் கத்தினான்: மூலி ப்வாஞ்சி!
பறித்துக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்தாள்.
அவள் மொழியில் ஏதோ நீளமாய்ச் சொன்னாள்.
ஸிகோமோ என்றான் இவன்.
இரண்டு பேரும் சிரித்தார்கள்.
நான் காபி டம்ளரோடு நின்றேன்.
அவள் மொழியில் என்னிடம் ஒரு சொல் இல்லை.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சாட்சி சொல்ல வேண்டும்.
பத்து நிமிடம், படம் இருந்தால் விசேஷம்,
ஐயர் சொல்லியிருக்கிறார்.
பெர்சிஸ் அடுக்கிக்கொண்டிருக்கிறாள்:
கூரை, கூரைமேல் அப்பா, கூரையின் கீழ் நாங்கள்.

அவர் பெட்டியின் அடியைத் துழாவினார்.
கோத்தகிரி பஜாரில் வாங்கிப்போய் மீந்த ஆணிப் பொட்டலம்.
சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார்.
வெகுநேரம் கழித்துத்தான் வந்தார்.
பேர் கேட்டீர்களா?
கேட்டேன். சொன்னான்.
என் நாக்கில் நிற்கவில்லை.
நீயும் வா, இன்னொரு தடவை கேட்போம்.

பின்பக்கம் அறைந்து கிடந்ததால்
முன்கதவு வழியாக
வீட்டைச் சுற்றிக்கொண்டு போனோம்.