இரண்டாவது பற்றுச்சீட்டுப் புத்தகம்

முதல் புத்தகம் ஆரையம்பதியோடு முடிந்தது.
இது இரண்டாவது. ஐம்பது தாள்.
நீலக் காபன் என் சுட்டுவிரல் நுனியில்
ஒரு கிழமையாய்ப் போகவில்லை.

ஒவ்வொரு தாளிலும் ஒரு கோடு:
‘எதற்காக’.
அந்தக் கோட்டில்தான் நான் பொய் பழகினேன்.

புவனசிங்கம் ஹாட்வெயாருக்கு, கலை நிகழ்ச்சி.
கூட்டுறவுச் சங்கத்துக்கு, தாய் சேய் நலம்.
கல்லடியில் ஒரு ரியூசன் மாஸ்டருக்கு
‘பெண்கள் தொடர்பான நாடகம்’ என்று எழுதிப்
பேனாவை எடுக்கமுன் கேட்டார்,
‘தொடர்பான எண்டால்?’
சொன்னேன்.
ஆயிரத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் திருப்பி வைத்து
இருநூறு எடுத்தார்.
இருநூறும் காசுதான்.

நாடகத்தில் ஒருத்தி இருக்கிறாள்.
நாலாவதைப் பெற்று மூன்றாம் நாள்.
ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடியே சொல்கிறாள்:
எனக்கு இனிப் போதும், ஒப்பரேசனைச் செய்துவிடுங்கள்.
புருசன்ர கையெழுத்து எங்கே என்கிறார்கள்.
புருசன் ஆழ்கடலில்.
படகு திரும்ப இருபத்தெட்டு நாள்.
அவள் தன் கையை நீட்டிக் காட்டுகிறாள்,
எனக்கும் எழுதத் தெரியும் என்று.
இவ்வளவுதான் கதை. ஒரு மணித்தியாலம் ஓடும்.
கட்டில் ஒன்று போதும், அது இரவல் கிடைக்கும்.
மண்டபம் கிடைக்காது.

நாவற்குடாவில் வள்ளிப்பிள்ளை
செதிள் ஒட்டிய நூறு ரூபாவை நீட்டினாள்.
பெயர் போடவா என்றேன்.
‘போடுகா. முழுப்பேரும் போடு.
மறுகா ஒண்டு கேக்கன்,
அவள் கடைசியில சாகிறாளா?’
எனக்குத் தெரியும். சாகிறாள்.
ஐந்தாவதில், மழை இரவில், பாடலோடு.
‘சாகிறதெண்டாக் காசைத் தா இஞ்ச.
செத்த கதை எத்தினை பாத்தாச்சு.’

ஜெயரூபியிடம் சொன்னேன்.
அன்றிரவு கடைசி நாலு பக்கத்தையும் கிழித்தாள்.
பாடலை எழுதின பெடியன்
இரண்டு நாள் எங்களோடு கதைக்கவில்லை.

காத்தான்குடி நஸ்ரியா காசு தரவில்லை.
ஆறு உடுப்பும் சும்மா தைக்கிறேன்,
பேரை மட்டும் எங்கேயும் சொல்லாதீங்க என்றாள்.
அளவு நாடாவை என் இடுப்பில் சுற்றியபடி
குரலைத் தாழ்த்தி,
‘எத்தனையாம் திகதி?’

லைட் வாடகை, ஒன்று ஆறாயிரம்.
இரண்டுக்குத்தான் காசு இருந்தது.
‘ரெண்டெண்டா மேடை பாதி இருட்டு’
என்றார் சவுண்ட் எட்வின்.
ஜெயரூபி யோசித்தாள்.
‘நல்லது. கையெழுத்துக் கேக்கிறவங்கள்
அதுக்குள்ள நிக்கட்டும்.’

இரவில் கணக்குக் கூட்டும்போது
என்னுடைய ஒரு கணக்கு
இடையில் வந்து நிற்கும்.
பத்தொன்பது வருசத்துக்கு முன்.
ஒரு வீட்டின் பின்வளவு, முருங்கைக்குப் பக்கத்து அறை.
எட்டாயிரம்.
அதில் தங்கச்சியின் சீட்டுக் காசும்
என் ஒரு சோடித் தோடும் இருந்தன.
அந்த மனிசி இரண்டு தரம் எண்ணினாள்.
பற்றுச்சீட்டுத் தரவில்லை.
நானும் கேட்கவில்லை.
பஸ்ஸில் சீட் இருந்தும்
நின்றபடியே வந்தேன்.

நேற்று ஒரு தாளை எனக்கே எழுதினேன்.
தொகை எட்டாயிரம்.
திகதி, அந்தத் திகதி.
‘எதற்காக’ என்ற கோட்டில்
கை எடுக்காமல், எழுத்து விடாமல்,
உள்ளதை எழுதினேன்.
கோடு போதவில்லை. ஓரத்திலும் எழுதினேன்.
அழுத்தி எழுதியதால் காபன் பிரதியிலும்
விழுந்திருக்கும்.
கணக்குப் பார்க்கிறபோது அந்தத் தாள் இடிக்கும்.
இடிக்கட்டும்.

இன்னும் பதினோராயிரம் வேண்டும்.
தாள் முப்பத்தொன்று மிச்சம்.
நாளை வாழைச்சேனைத் துறைமுகம்.
படகுகள் விடியற்புறம் வருமாம்,
புருசன்மார் எல்லாரும் அதில்தான்.