முன்சக்கரம்

மார்த்தாண்டம் கடையில் பூட்டு கிடையாது.
வாசலில் என் மச்சான் கிளீட்டஸ் நிற்கிறார்,
எவர் வீட்டு மருமகள் எவளென்று தெரிந்தவர்,
அது போதும்.

களியக்காவிளையில் தள்ளுவண்டிக்குப்
பத்து ரூபாய் நாணயம்.
பஸ்ஸில் வாங்கமாட்டார்கள், டீக்கடையில் வாங்கமாட்டார்கள்,
அதை மறுபேச்சில்லாமல் விழுங்கியது
வண்டியின் வாய் ஒன்றுதான்.
சனியன் தொலைந்ததென்று காசை விட்டுவிட்டு
வண்டியோடு போனார்கள் சனங்கள்.

நான் காவல் நிற்பது பாறசாலையில்.
தரைக்கடியில் கம்பி, மேலே மஞ்சள் கோடு.
தாண்டினால் சக்கரம் இறுகிவிடும்,
சீட்டில்லாத கோழி லாரி
சோதனைச்சாவடியில் நிற்பதுபோல.

நேற்று ராத்திரி நல்ல மழை.
மீன்காரி ரெஞ்சிதம்
அரிசிச் சாக்கும் மேலே தூங்கும் பிள்ளையுமாக
கோட்டருகே வந்து குனிந்தாள்.
நாலு சக்கரத்தையும் விரலால் பார்த்தாள்,
செவுள் தூக்கிப் பார்ப்பதுபோல.
பூட்டு ஒன்றில்தான்.
அந்த மூலையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு
மூன்று சக்கரத்தில்
தமிழ்நாட்டுக்குப் போனாள்.

விசில் என் வாயில்தான் இருந்தது.

காலையில் மேனேஜர் எண்ணினார்,
நாற்பத்தொன்று.
நாற்பத்திரண்டு என்றேன்.
முதலிலிருந்து எண்ணுகிறார்.