உப்புமானி

பிப்ரவரி. கூரை விளிம்பைத் தொட்டு நிற்கிறது பனி.
தோள்பையில் இரத்த அழுத்தக் கருவி,
ஈரத்தில் உப்பிய பதிவேடு,
முள் வைத்த ஓர் உப்புமானி.
முதல் வீட்டில் நாய் மட்டும் வரவேற்றது.

அகிதா மலையின் இந்தப் பக்கத்தில்
காற்று அடித்துவிட்டது என்பார்கள்.
இசாபுரோவைக் காற்று அடித்துவிட்டது,
கழிப்பறைக்குப் போன இடத்தில்.
கழிப்பறை வீட்டுக்கு வெளியே.
விடியற்காலை மூன்று மணி,
பூஜ்யத்துக்குக் கீழே பதினொரு பாகை.
அடித்தது காற்றில்லை என்று
ஆறு வருடமாகச் சொல்லி வருகிறேன்.
தலையாட்டிவிட்டு
ஊறுகாய் எடுத்து வைக்கிறார்கள் எனக்கு.

முள்ளங்கி, கத்தரி, காட்டுத் தண்டு
எல்லாம் நவம்பரிலேயே பீப்பாய்க்குள் இறங்கிவிடும்.
ஏப்ரல் வரை சோற்றை உள்ளே தள்ளுவது அதுதான்.
உப்பைக் குறை என்கிறேன்.
பஞ்சத்தைக் கூப்பிடு என்று
அவர்கள் காதில் விழுகிறது.

இன்னொருத்தி அடுக்களையில் நுழைந்து
அவள் சட்டிக்குள் கம்பியை விடுவது
லேசான காரியமில்லை.
ஃபுசாவின் மிசோ ரசம்: ஒன்று புள்ளி ஏழு.
முள் ஏறியதை இருவரும் பார்த்தோம்.
மூடியைப் போட்டாள்.
"மாமியார் காட்டிக்கொடுத்த கைப்பக்குவம்" என்றாள்.
மாமியார் எந்த வயதில் போனார்
என்று நான் கேட்கவில்லை.
பதிவேட்டில் இருக்கிறது. ஐம்பத்திரண்டு.

அவள் கணவர் தொராகிச்சி, மரம் வெட்டுபவர்.
மேல் எண் நூற்றுத் தொண்ணூறு.
கருவி பழுது என்றார்.
வேறு கருவி கொண்டுபோனேன்.
அதுவும் பழுது.

பத்து நாளைக்கு அரைக் கரண்டி மிசோ குறைப்பதென்று
நானும் ஃபுசாவும் பேசிக்கொண்டோம்,
வாசலில், திருடிகள் மாதிரி.
ஈடுகட்ட நெத்திலிக் கருவாடு, காளான்,
கிண்ணம் கொள்ளாமல் காய்.
மூன்றாம் வாரம் நாக்கு கண்டுபிடித்துவிட்டது.
சோயா சாஸ் பாட்டிலைக் கேட்டு வாங்கி
மனிதர் கவிழ்த்தார்.
அதில் பாதி வினிகர் என்பது
ஃபுசாவுக்குத் தெரியும், எனக்குத் தெரியும்.
தெரியாத அவர்
கம்பெனியின் தரம் கெட்டுவிட்டதென்று
நகரத்துக் கடைக்குக் கடிதம் போட்டார்.
மன்னிப்புக் கேட்டுப் பதிலும் வந்தது.
உடன் ஒரு பாட்டில் இலவசம்.
அதையும் ஃபுசா பார்த்துக்கொண்டாள்.

மார்ச் கடைசியில் அலுவலகம் படிவம் அனுப்பும்.
விழுந்தவர் எத்தனை, கட்டம் உண்டு.
எழுந்தவர் எத்தனை, படுக்கையிலேயே எத்தனை,
அதற்கும் உண்டு.
விழாதவருக்குக் கட்டமில்லை.
யாரென்று எழுதுவது?
தொராகிச்சி விழுந்திருப்பார் என்று
நான் எந்தக் கோயிலில் சத்தியம் செய்ய?
ஒன்றுமே நடக்காமல்
கிழவர் நூறு வயது வாழ்ந்திருக்கவும் கூடும்,
கடல்போல் உப்பு குடித்து.

இன்று அந்த வீட்டு வழியாகத்தான் வந்தேன்.
கழிப்பறையை உள்ளே இழுத்துக் கட்டியிருக்கிறார்கள்.
படுக்கையறை ஜன்னலில்
மண்ணெண்ணெய் அடுப்பின் ஆவி.
கூரைமேல் அவர், பனி தள்ளிக்கொண்டு.
"உப்புத் திருடி வருகிறாள்,
சட்டியை ஒளித்து வை!" என்று
உள்ளே பார்த்துக் கத்தினார்.

வாய் கோணவில்லை. ஒரு சொல்லும் குழறவில்லை.
பிறகு மண்வாரியை நிறைத்து
நான் நிற்கும் இடம் பார்த்து
வீசினார்,
இரண்டு கையாலும்.